கடற்கரை வீதியிலிருந்து செஞ்சி மலைக்கு...

புதுவைக் கடற்கரை வீதியில் மாலை நேரத்தில் உலவியவர்கள், காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயரமான கருங்கல் தூண்களைக் கண்டிருப்பார்கள். அவற்றின் நிழலில் அமர்ந்து சுண்டலும் தின்றிருப்பார்கள். அத்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மலையே இல்லாத ஊருக்கு மலை இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது! நம் நகரத்தார்க்கு மேடு என்றால் கோரிமேடுதான். ஜிப்மர் மருத்துவமனைக்குப் பேருந்தில் செல்லும்போது சற்றே ஏற்றம் தெரியும். சிவந்த மண் தென்படும். அத்துடன் நமது 'மலை' முடிந்துவிடும்.

இத்தகைய ஊரில் வசிக்கும் ஒரு மதரஸா ஆசிரியன் மலைநடை குறித்து எழுதப் புகுந்தது எங்ஙனம் என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். காரணம் சிறியதே. கடற்கரை வீதியில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை. ஃபஜ்ருத் தொழுகை முடித்து அவ்வீதியில் நடக்கத் தொடங்கிய நாங்கள் நால்வர். நால்வரில் மூவருக்கு மருத்துவர் இட்ட கட்டளை அது. நாளடைவில் வீட்டார் சேர்ந்தனர், பிள்ளைகள் சேர்ந்தனர், மதரஸா மாணவர்களும் சேர்ந்தனர். 'இதே வீதியை எத்தனை நாள் அளந்துகொண்டிருப்பது, ஹஜ்ரத்?' என்று ஒரு மாணவர் கேட்டதுதான் தொடக்கம். எங்கள் குழுவுக்குப் பெயர் சூட்டுவதற்காக இரண்டு மஷ்வராக்கள் நடந்தன. பெயர் அமையவில்லை, நடை மட்டும் அமைந்துவிட்டது.

முதலில் சென்றது திருவக்கரைக்கு. புதுவைக்கு அருகிலேயே, வானூர் வட்டத்தில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் 247 ஏக்கர் பரப்பில் கல்மரப் பூங்கா ஒன்று உள்ளது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், அணுவணுவாகக் கல்லாகிக் கிடக்கின்றன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளம். கிளையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் அடிமரங்கள். ஆயினும் மரத்தின் ஆண்டு வளையங்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். 1781ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா இவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். கோரிமேட்டின் செம்மண்ணும் இக்கல்மரங்கள் புதைந்துள்ள மணற்பாறையும் ஒரே அடுக்கைச் சேர்ந்தவை. கடலூர் மணற்பாறை என்பது அதன் பெயர். நம் காலடியில் கிடந்ததைத்தான் பேருந்து ஏறிப்போய்ப் பார்த்தோம்!

அதன்பின் செஞ்சி. இங்கே ஒரு குறையை ஒப்புக்கொள்ளாமல் மேலே செல்ல இயலாது. குறை என்னுடையது.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழியில் இது தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய தூரமா, இல்லையா என்று மாணவர்கள் தொடங்கிய விவாதத்திலேயே பயணம் கழிந்தது. சென்று சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலையன்று; இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஒரே மதிலால் வளைத்துக் கட்டிய அரண். அவற்றுள் இராசகிரி தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம். அன்று நாங்கள் ஏறவேண்டியது அதுதான்.

நானோ கல்லூரியில் வரலாறு படித்தவன். கேட்பதற்கு நாற்பது பேர் கிடைத்தால் விடுவேனா? கீழ்க்கோட்டையிலேயே நின்றுகொண்டு, 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது, 1677இல் சிவாஜி வந்தது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் வென்றது என்று விரித்துக்கொண்டே போனேன். 1714இல் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்ட இளைஞன் தேஜ்சிங்கைத்தான் தமிழ் மக்கள் தேசிங்கு ராஜன் என்று இன்றும் போற்றுகிறார்கள். அவனுடைய உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம். தன் திருமண நாளன்று நண்பனின் போர்ச்செய்தி கேட்டு மணக்கோலத்தோடு களத்திற்கு விரைந்து உயிர்நீத்தவன் என்று கதைப்பாடல் கூறும். எதிர்ப்படையின் தலைவரும் முஸ்லிம், அரசனுக்காக உயிர்விட்ட தோழனும் முஸ்லிம் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? நவாப் சஆதத்துல்லா கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசலையும் காட்டினேன். 1750 செப்டம்பரில் ஓர் இரவுக்குள் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி இக்கோட்டையைப் பிடித்ததையும், 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்த மூன்றே மாதங்களில் செஞ்சியும் வீழ்ந்ததையும் சொல்லி முடிக்கையில் மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது.

அந்நேரத்தில்தான் படியேறத் தொடங்கினோம்.

செஞ்சிப் பாறையை அறிந்தவர்கள் அந்நேரத்தில் ஏறமாட்டார்கள். மேலிருந்து வெயில் அடிக்கும்; பக்கத்திலிருந்து பாறை அனலை வீசும். பாதி வழியில் குரங்குகள் இரண்டு பைகளைப் பறித்துக்கொண்டு போயின. ஒன்றில் உணவு, மற்றொன்றில் தண்ணீர். மேலே கடை கிடையாது, குழாய் கிடையாது. அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஒரு வாயிலின் அருகே உட்கார்ந்துவிட்டார். எழுப்பினால் தம் மகளின் பெயரையே மாற்றிச் சொல்கிறார். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. ஆனால் வியர்வை இல்லை. வியர்வை நின்று பேச்சுத் தடுமாறினால் அது வெறும் களைப்பன்று, வெப்பத்தாக்கு என்பதை அன்று எங்களில் அறிந்தவர் ஒரே ஒருவர். செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை. அவர்தான் பெரியவரை வாயிலின் நிழலுக்குள் கிடத்தச் சொன்னார். எஞ்சியிருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல், துணியில் நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றி விசிறச் சொன்னார். நினைவு தடுமாறியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறிவிடும் என்பதைப் பிறகு விளக்கினார். ஒரு மணி நேரம் கழித்து, அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் தம் மகளைச் சரியான பெயரால் அழைத்தார். தோளில் தாங்கிக் கீழே கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் வீடு திரும்பினார்.

அம்மகள் என்னிடம் கோபமாக ஒன்றும் பேசவில்லை. 'ஹஜ்ரத், நீங்கள் வரலாறு சொன்ன நேரத்தில் நாங்கள் மேலே போய்விட்டுக் கீழே இறங்கியிருப்போமே' என்று மட்டும் கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் விடையில்லை.

சரியாக ஓராண்டு கழித்து, 2018 மார்ச் 11ஆம் நாள், குரங்கணிச் செய்தி வந்தது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரு குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து வந்தது ஒரு குழு. ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்தது மற்றொன்று. ஆளுயரம் காய்ந்து நின்ற புல், பிற்பகல் காற்று, ஒதுங்க இடமில்லாத சரிவு. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. தீயில் அங்கேயே மாண்டவரும், மருத்துவமனைகளில் நாள்கணக்கில் போராடி மறைந்தவருமாக 23 பேர். பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் பலர். அந்தப் பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசு அப்போது கூறியது.

தீ சமதரையில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கிப் பன்மடங்கு விரைவாக ஏறும். கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதே காரணம். எனவே தீயைக் கண்டு மலைமேல் ஓடுகிறவர் தீயோடு பந்தயம் வைக்கிறார். வெல்ல முடியாத பந்தயம். புல்லில்லாத மொட்டைப் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலத்துக்கோ பக்கவாட்டில் ஒதுங்குவதே வழி. ஆனால், இதையெல்லாம் கற்றுக்கொண்டு மார்ச் மாதத்தில் போவதைவிட, மார்ச் மாதத்தில் போகாமலிருப்பது எளிது அல்லவா?

அதற்குப் பிறகு எங்கள் நடை நின்றது. நியாயம்தான். 2017இல் நாங்கள் மயிரிழையில் தப்பியது எல்லார்க்கும் தெரியும். பின்னர் கொரோனாக் காலம். 2022இல் மீண்டும் தொடங்கலாம் என்று நாங்கள் பேசியபோது ஒரு தாய் உறுதியாகச் சொன்னார்: 'பையன்கள் போகட்டும். பெண்பிள்ளைகள் வேண்டாம். குரங்கணியில் எத்தனை பெண்பிள்ளைகள் போயினர் என்று பார்த்தீர்கள் அல்லவா?' கூட்டத்தில் பலர் தலையசைத்தனர்.

நான் அத்தாயின் அச்சத்தை எள்ளளவும் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. குரங்கணித் தீ ஆண், பெண் பார்த்து எரிக்கவில்லை. மாதம் தவறு, பாதை தவறு; அதில் சிக்கியவர் எவராயினும் கதி அதுவே. பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு, அதே மாதத்தில் அதே பாதையில் ஆண்பிள்ளைகளை அனுப்பினால் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? செஞ்சியில் ஓர் உயிரைக் காத்தது யார் என்பதையும் அன்று நினைவுபடுத்தினேன். இன்னொன்றும் சொன்னேன். உலகமெங்கிலுமிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர், ஆண்களும் பெண்களும், ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கிறார்கள். ஒரு முறைக்கு ஏறத்தாழ 450 மீட்டர், மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். பச்சிளங் குழந்தைக்குத் தண்ணீர் தேடி அக்குன்றுகளில் ஏறியிறங்கியவர் யார்? அன்னை ஹாஜரா அவர்கள் அல்லரோ! ஒரு பெண்ணின் ஓட்டத்தையல்லவா நாம் வணக்கமாகச் செய்கிறோம்!

அந்தத் தாய் உடனே இணங்கிவிட்டார் என்று எழுதினால் பொய்யாகும். அவர் நிபந்தனைகள் கேட்டார். நிபந்தனைகளை எழுதி வாங்கினார். எங்கள் குழுவின் ஒழுங்குமுறை என்று இன்றிருப்பது உண்மையில் அவர் எழுதி வாங்கிய தாள்தான்.

மலைக்குச் செல்லும் நாளும் நேரமும் பாதையும் முன்கூட்டியே மூன்று வீடுகளில் எழுதிக் கொடுக்கப்படும். பாதையை இடையில் மாற்றுவதில்லை, எவ்வளவு அழகான பாதை தென்பட்டாலும் சரி. கோட்டையின் வாயில் திறக்கும் வேளையிலேயே உள்ளே நுழைந்து, மலையை முதலிலும் வரலாற்றைப் பிறகும் பார்ப்பது. (இவ்வரியை எழுதும்போது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.) செஞ்சியில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு இராசகிரிக்கு மேலேற விடுவதில்லை, எங்கள் தாளிலோ பதினோரு மணிக்கு மேல் எவரும் ஏறக்கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அவரவர் தோளில். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் எல்லாப் பையிலும். உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போவது குரங்குகளுக்கு விருந்தழைப்பு; பைக்குள்ளேயே இருக்கட்டும். பாறை விளிம்பில் தேனடை கண்டால் அதன் கீழ் நிற்பதோ, புகை உண்டாக்குவதோ, அத்தர் பூசிக்கொண்டு போவதோ கூடாது. கடைசி விதியில் எங்கள் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் வருத்தம் உண்டு!

சட்டமும் இதற்குள் மாறிவிட்டது. குரங்கணிக்குப் பின் 2018இல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தை வனத்துறை தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என மூவகை. முன்பதிவு செய்துகொண்டு போகவேண்டும். மலைவாழ் மக்களின் பிள்ளைகளே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். குரங்கணியிலிருந்து தொடங்கும் பாதை ஒன்றும் அந்நாற்பதில் அடங்கும் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 10 வயதுக்குட்பட்டோர் எளிய பாதைகளில், பெற்றோருடன் மட்டும். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தனர். 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் ரமலானும் பிப்ரவரியிலேயே பிறப்பதால், மலை ஓய்வெடுக்கும் காலமும் நாம் நோன்பிருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன.

'காசு கட்டி, பெயர் பதிந்து மலையேற வேண்டுமா? மலை யாருடைய சொத்து?' என்று எங்களுள் ஒரு துணிக்கடை அன்பர் கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை; ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஒரு சுமைதான். ஆனால் எத்தனை பேர் மேலே போனார்கள் என்று கீழே ஒரு தாளில் எழுதியிருந்தால்தான், எத்தனை பேர் திரும்பவில்லை என்று மாலையில் தெரியும். கட்டணம் கட்ட இயலாத மாணவர் நால்வருக்கு இவ்வாண்டு அந்தத் துணிக்கடை அன்பரே கொடுத்திருக்கிறார்.

மழைக்காலத்தையும் மறந்துவிடலாகாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் புதுவையருகே கரையைக் கடந்ததையும், வீதிகள் ஆறுகளானதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் அதே மழை திருவண்ணாமலையில் மலைச்சரிவைப் பெயர்த்தது. மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் மாண்டனர். அவர்கள் மலையேறியவர்கள் அல்லர், அடிவாரத்தில் தம் வீட்டில் இருந்தவர்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்குக் கடற்கரை வீதியே போதும். எண்ணிப் பார்த்தால், நம் பகுதியில் குடும்பத்தோடு மலையேறுவதற்கென்று ஆண்டில் மிஞ்சுவது மார்கழி நடுவிலிருந்து மாசித் தொடக்கம் வரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை மாதம்தான்.

ஆசிரியர்கள் இப்பணியில் ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1909 ஆகஸ்டில் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, வழியிலிருந்த ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். பிள்ளைகள் உறங்க, அவர் விழித்திருந்து சிந்தித்தார்: விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளை இப்படி நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? அந்த இரவில் முளைத்ததே உலகெங்கும் பரவிய இளைஞர் விடுதி இயக்கம். 1912இல் ஆல்டெனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் முதல் நிலையான விடுதி அமைந்தது. இந்தியாவில் அவ்வியக்கத்தின் சங்கம் 1949இல் தோன்றியது. பிள்ளைகளை மழையில் மாட்டவைத்த ஆசிரியர் ஒருவர் அதற்குத் தீர்வும் கண்டார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட ஆறுதல் உண்டு.

இனி, வரவிருக்கும் நடைகள். இன்ஷா அல்லாஹ், மழை ஓய்ந்ததும் மார்கழியில் திருவக்கரை. கைக்குழந்தையோடும் வரலாம், ஏற்றம் இல்லை, கல்மரத்தைப் பார்க்கலாம், எடுத்துவரக் கூடாது. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் ஞாயிறன்று செஞ்சி. இம்முறை இராசகிரி அன்று, சாலைக்கு மறுபுறமுள்ள கிருஷ்ணகிரி. உயரம் குறைவு, ஆயினும் படிகள் செங்குத்து, முழங்கால் வலியுள்ளோர் கீழே மண்டபத்தில் இருந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். 2025 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. கூட்டம் பெருகியிருக்கிறது, ஆகவே புதுவையிலிருந்து ஃபஜ்ரு முடிந்த உடனே புறப்பாடு. லுஹர் தொழுகை செஞ்சி நகரப் பள்ளியில்.

மூன்றாவது, இளைஞர்களுக்கும் நன்கு நடந்து பழகியவர்களுக்கும் மட்டும்: தை மாத இறுதியில் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி. அங்குள்ள சுவாமிமலை கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. வனத்துறையின் முன்பதிவு கிடைத்தால் மட்டுமே அந்நடை உண்டு. கிடைக்காவிட்டால், 'வந்தது வந்துவிட்டோம், சற்றுத் தூரம் போய்ப் பார்ப்போம்' என்னும் பேச்சுக்கே இடமில்லை. திருவக்கரைக்கே இரண்டாம் முறை போவோம். ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருப்போர் மூன்றுக்கும் வராவிட்டாலும், நாள்தோறும் காலையில் கடற்கரை வீதிக்காவது வந்துவிடுவது நன்று. மினாவிலிருந்து அரஃபாத் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் என்பதை அங்கே போய் அறிந்துகொள்வதைவிட இங்கே அறிந்துகொள்ளலாம்.

கிருஷ்ணகிரிக்கு இதுவரை முப்பத்தொருவர் பெயர் தந்துள்ளனர். அவர்களில் பதினால்வர் பெண்கள். நிபந்தனைத் தாளை எழுதி வாங்கிய தாயும் தம் இரு பெண்மக்களோடு வருகிறார். 2017இல் வாயிலருகே மயங்கிய பெரியவருக்கு இப்போது எழுபதுக்குச் சமீபம். மருத்துவரிடம் காட்டி, அடிவாரம் வரை வர அனுமதி பெற்றுவிட்டார். அவருடைய மகள் மட்டும் ஒரு நிபந்தனையைத் தாளின் அடியில் தம் கையாலேயே சேர்த்து எழுதியிருக்கிறார்: கடைசி ஆள் மலையிலிருந்து இறங்கி முடிக்கும்வரை ஹஜ்ரத் வரலாறு பேசக்கூடாது.

கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன்.